தேதிக்கு மூன்று நாள் முன்னால்

என் தம்பி லிப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிப்ட் கூண்டின் தலைமேல் நின்று, ஒரு கையால் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடிப்பான். கீழே பார்த்தால் கிணறு மாதிரி இருட்டு. கூட வேலை பார்ப்பவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். தெரிந்த அன்றைக்கே முதுகில் இரண்டு வைத்தேன். அப்போது அவனுக்கு முப்பது வயது, கல்யாணம் வேறு ஆகியிருந்தது. எனக்கென்ன, தம்பிதானே.

அப்பேர்ப்பட்ட தைரியசாலி ஊசியைக் கண்டால் ஒன்றரை வயதுப் பிள்ளை. ரத்தம் எடுக்கிறவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போதே இவன் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான். எத்தனையோ நூறு தடவை குத்தியாகிவிட்டது, இன்னும் அப்படித்தான்.

அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லிப்டைச் சோதிக்க அதிகாரி வருவார். அவர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் கட்டடத்துக்காரர்கள் இவனைக் கூப்பிடுவார்கள். இவன் போய் தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டு, பிரேக்கை இறுக்கி, எரியாத பல்பை மாற்றி, கதவைத் துடைத்துவிட்டு வருவான். அதிகாரி மூன்று தடவை மேலே போய்க் கீழே வருவார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அப்புறம் ஆறு மாதத்துக்கு அந்த லிப்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவனுக்கு அதில் பொல்லாத கோபம். "இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும்தான் லிப்ட் கீழ விழுமா? மத்த நாள்ல அதுக்கு லீவா?" என்று கட்டடத்துக்காரர்களிடம் சண்டை போட்டு இரண்டு இடத்தில் வேலையை இழந்திருக்கிறான்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவனுடைய வேலை பூட்ஸ் காலில் ஏறவில்லை. பூட்ஸ் சுருங்கிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தான். கால்தான் வீங்கியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்தான். பிறகு என்னுடையது பொருந்தும் என்றார்கள், கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்லும்போது ஏதோ பக்கத்து வீட்டுக்குச் சல்லடை கொடுத்த மாதிரி இருக்கிறது. பயந்து செத்தேன், அதுதான் உண்மை. மயக்க மருந்து கொடுக்கும்வரை "வேண்டாம், எழுந்து ஓடிவிடலாம்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடாததற்குக் காரணம் வீரமில்லை, உடம்பில் ஒழுங்கான துணியில்லை.

ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைத்தோம். முட்டாள்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பமே.

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை வெளிநோயாளர் பிரிவு. பிறகு வாரம் ஒன்று. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. அவன் மனைவிக்கு பேக்கரியில் விடிகாலை வேலை, அதனால் கூடப் போகிற பொறுப்பு எனக்கு. நான் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறேன். நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டுவேன். சூப்பர்வைசரிடம் லீவு கேட்பதுதான் அதைவிடக் கஷ்டம். "உங்க தம்பிக்கு ஆபரேஷன் முடிஞ்சு வருஷம் ஆகப்போகுதே, இன்னுமா?" என்பான். இன்னும்தான்டா, சாகும்வரை என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

போகிற நாள் இப்படி இருக்கும். காலை மாத்திரையை விழுங்காமல் கையில் எடுத்துக்கொண்டு ஆறரைக்கே போய்விட வேண்டும். வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியனாகப் பார்த்து விரட்டாமல் இருக்க, அந்த எதிர்ப்பை அடக்கும் மாத்திரை அது. காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. அது ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, முதலில் ரத்தம், அப்புறம்தான் மாத்திரை. டோக்கன் வாங்கி, எடை பார்த்து, பிரஷர் பார்த்து, ரத்தம் கொடுத்துவிட்டு, நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணிக்கு எண் வரும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் எண். ரத்தத்தில் இருக்கும் மாத்திரை அளவு சாயங்காலம் வரும், அதைப் போனில் சொல்வார்கள்.

ஒன்று புள்ளி இரண்டு என்றால் உயிர் திரும்பி வரும். ஒன்று புள்ளி மூன்று என்றால் அன்றைக்கு முழுவதும் அவனைப் போட்டு வறுத்தெடுப்பேன். தண்ணீர் குடித்தாயா, உப்பைக் குறைத்தாயா, கண்ட கடையில் தின்றாயா. அவன் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்ணுமில்லக்கா, சரியாயிடும்" என்பான். நான் போக முடியாத நாளில், அவன் போன் எடுத்தவுடன் என் முதல் வார்த்தை "எவ்வளவு?" என்பதுதான். அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

எண் நன்றாகவே இருந்தது. மாத்திரை அளவும் கச்சிதமாக இருந்தது. இரண்டு வாரம் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் ஆறு வாரமாயிற்று. ஒவ்வொரு தடவை இடைவெளி நீளும்போதும் தம்பிக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம். "டாக்டர், மூணு மாசமா ஆக்கிடுங்களேன்" என்று பேரம் பேசுவான். டாக்டர் அம்மா நிதானமானவர், சிரித்து மழுப்பிவிடுவார்.

அங்கே எங்களுக்கு ஒரு ஆள் பழக்கம். எல்லோரும் அவரை சீனியர் என்போம். பதினோரு வருடமாக மாற்றுச் சிறுநீரகத்தோடு ஓடிக்கொண்டிருந்தவர். புதிதாக வருகிறவர்களிடம் "பயப்படாதீங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று நாற்காலி நாற்காலியாகப் போய்ப் பேசுவார். ஒரு நாள் அவரைக் காணோம். டோக்கன் மேசை சிஸ்டரிடம் கேட்டேன். "மறுபடி மெஷின்ல இருக்காரு. மூணாவது மாடி" என்றார். வீடு திரும்பும் பஸ்ஸில் தம்பி என்னவோ சொல்ல வாயைத் திறந்தான், பிறகு ஜன்னலைச் சாத்தினான். சீனியருக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து பதினான்காவது மாதம், ஒரு திங்கட்கிழமை, வெட்டு மேசையில் இருந்தபோது சிஸ்டர் போன் செய்தார். அடுத்த தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"டாக்டரம்மா அடுத்த வாரம் ஊர்ல இல்ல. அதனால அந்த வாரத்துப் பேஷண்டை எல்லாம் முன்னாடியே பார்க்கிறாங்க. நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்க."

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"டேய், கேட்குதா?"

"நாளைக்கு முடியாதுக்கா. ஒரு கட்டடத்துல கயிறு மாத்தணும்."

"கயிறு நாளான்னைக்கு மாறும். டாக்டர் இருக்க மாட்டாங்களாம்."

"அவங்க வந்தப்புறம் போகலாமே. நல்லாத்தானே இருக்கேன்? போன தடவை ஒண்ணு புள்ளி ரெண்டுதானே?"

"நீ நல்லா இருக்கேன்னு நீயே முடிவு பண்றதா இருந்தா டாக்டர் எதுக்குடா? ஆறரைக்கு வாசல்ல நிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலே இன்னும் வரவில்லை. "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. ஊசி பயம்தான் போல என்று சமாதானம் செய்துகொண்டேன். எடை பார்த்தார்கள், ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. "நல்லா சாப்பிடுறான்" என்று சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு எண் வந்தது. இரண்டு புள்ளி ஆறு.

டாக்டர் அம்மா காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரை ஒழுங்கா எடுக்கிறீங்களா?"

"எடுக்கிறேன் டாக்டர்" என்றான்.

"ஒருவேளைகூட விடலையே?"

"விடமாட்டான் டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "அவன் மனைவி வாரா வாரம் டப்பாவுல அடுக்கி வெக்கிறா. டப்பா காலியாகுதான்னு நான் போய்ப் பார்க்கிறேன். இதுக்கு நான் சாட்சி."

சாட்சியாம். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் உடம்பு கூசுகிறது. டாக்டர் என்னை நம்பினார். அப்படியானால் வேறு என்ன காரணம் என்று யோசித்து ஸ்கேனுக்கு எழுதினார், சிறுநீர் அடைப்பா பார்க்கச் சொன்னார், கிருமியா பார்க்கச் சொன்னார். சாயங்காலம்வரை மாடி மாடியாக ஏறி இறங்கினோம். எல்லா மாடிக்கும் லிப்டில்தான் போனோம். வழக்கமாக அந்த லிப்டில் ஏறினால் "பெல்ட் சத்தம் சரியில்ல" என்று ஏதாவது குற்றம் கண்டுபிடிப்பான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயும் அடைப்பில்லை, கிருமியில்லை.

ஐந்தரை மணிக்கு மாத்திரை அளவு வந்தது. டாக்டர் அம்மா அறைக்கு வெளியே தானே வந்தார். "மூணு மாத்திரை எடுக்கிற ஆளுக்கு இவ்வளவு கம்மியா வர வாய்ப்பே இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றோம். கூட்டமெல்லாம் போய்விட்டது. துடைக்கிற அம்மா ஒருத்தி நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

தம்பி தன் வலது கையை என் முன்னால் நீட்டினான். விரல்கள் நடுங்கின. லேசாகத்தான். ஆனால் நிற்கவில்லை.

"இது அந்த மாத்திரையால வர்றது. முழுசா போட்டா இதைவிட ஜாஸ்தியா இருக்கும். போர்டுல இருக்கிற திருகாணி எல்லாம் நகம் சைஸுதான்க்கா. பிடிக்க முடியல. ஒரு நாள் ஒன்பதாவது மாடியிலிருந்து ஸ்பேனரை விட்டுட்டேன். கீழ குழியில என் பார்ட்னர் நின்னுட்டிருந்தான். ஒரு அடி தள்ளி விழுந்துச்சு."

"அதனால?"

"அதனால வேலை நாள்ல மூணுக்குப் பதிலா ஒண்ணு மட்டும் போட்டேன். தேதிக்கு மூணு நாள் முன்னாடி லீவு போட்டுட்டு மூணும் போடுவேன், தண்ணி நிறைய குடிப்பேன். அளவு சரியா வந்துடும்."

"எத்தனை மாசமா?"

"ஏழு."

ஏழு மாதம். நான் ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி இரண்டு என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்த ஏழு மாதம்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெடி பண்றியாடா? கட்டடத்துக்காரன் பண்ணினா சண்டைக்குப் போவியே, உன் உடம்புக்கு நீயே பண்ணியா?" என்று கத்தினேன். துடைக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "மீதி மாத்திரையை எல்லாம் என்ன செஞ்ச? சாக்கடையில கொட்டினியா?"

"இல்ல. டூல் பேக்ல திருகாணி டப்பாவுல இருக்கு. உன் கிட்னிக்கான மாத்திரை. தூக்கிப் போட மனசு வரல."

"என் கிட்னி, என் கிட்னின்னு இப்ப உருகு! இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடா? நான் என்ன, புலியா?"

அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"நீ ஒரு தடவைகூட நான் எப்படி இருக்கேன்னு கேட்கலக்கா. பதினாலு மாசமா அது எப்படி இருக்குன்னுதான் கேட்ட."

அவனை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன்.

டாக்டர் அம்மா முழுவதையும் கேட்டார். கடைசியில் பேனாவை மூடி வைத்தார். "கை நடுங்குதுன்னு சொல்லியிருந்தா அளவை மெதுவா மாத்திப் பார்த்திருப்பேன். வேற மாத்திரையும் இருக்கு. இதைக் கேட்கத்தானே உங்களை வரச் சொல்றோம்? ரத்தம் எடுக்கிறதுக்கு மட்டுமா?" என்றார். தம்பி தரையைப் பார்த்தான். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

மறுநாள் சிறுநீரகத்தில் ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு நாள். அந்த ஒரு நாளை எப்படிக் கடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. துணியைக் கோணலாக வெட்டி நாற்பது சட்டையின் இடது கையைப் பாழாக்கினேன் என்பது மட்டும் சூப்பர்வைசர் சொல்லித் தெரியும். என் உடம்பில் மிச்சமிருக்கிற ஒன்று திடீரென்று வலிக்கிற மாதிரி இருந்தது. மெஷினில் அவன் படுத்திருந்த இரண்டு வருடமும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. மறுபடி அங்கே போனால் அடுத்ததைக் கொடுக்க என்னிடம் இல்லையே என்ற ஒரே எண்ணம். முதல் முறையாக அவன் மனைவிக்குப் போன் போட்டு "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். "தூங்கலை அண்ணி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காரு" என்றாள்.

உடம்பு அதை விரட்ட ஆரம்பித்துவிட்டது என்பதுதான் முடிவு. மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். எண் இரண்டு புள்ளி ஆறிலிருந்து இரண்டு புள்ளி இரண்டுக்கு இறங்கியது. புதிய அளவில் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, டாக்டர் அம்மா ஊரிலிருந்து வந்ததும் மறுபடி நீல நாற்காலி, மறுபடி இரண்டு மணி. இந்தத் தடவை நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கையைக் கொடு என்றேன், கொடுத்தான். கொஞ்சம் நடுங்கியது. அவனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

ஒன்று புள்ளி ஒன்பது.

"இதுக்கும் கீழ வருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வராதுன்னுதான் நினைக்கிறேன்மா. போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே வந்தோம். கை நடுக்கம் தெரிந்து, அவனுடைய கம்பெனியில் அவனை மேலே ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இனிமேல் ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன்களை எடுக்க வேண்டும். அதை எண்ணித்தான் ஏழு மாதம் பயந்தான், அதுவும் நடந்தது. அவனைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

டோக்கன் மேசையில் சிஸ்டர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "இனிமே பழையபடி வாரத்துக்கு ரெண்டு தடவை வரணும். செவ்வாய், வெள்ளி. அடுத்தது வெள்ளிக்கிழமை. உங்களுக்குச் சரிதானே?"

பேரம் பேசப்போகிறான் என்று நினைத்து, திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டு தயாராக நின்றேன்.

"நாளைக்கே வரலாமா சிஸ்டர்?" என்றான்.

"நாளைக்கா? நாளைக்கு உங்களுக்கு ரத்தம் இல்ல, டாக்டர் இல்ல. எதுவுமே இல்லையே."

"தெரியும். சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போறேன். வீட்ல பயமா இருக்கு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வெள்ளிக்கிழமை டோக்கனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாளைக்கும் லீவு கேட்க சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.